அத்தை குரலில் வந்த போன்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அதே வாரத்தில், என் மகள் நிலாவின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஜெர்மனியில் படிவம் வராத வாரம் கிடையாது. நீச்சலுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, பல் டாக்டர் வந்து பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதற்கு ஒன்று. வந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இப்போது அந்தப் பயம் போய், அதைவிட ஆபத்தான தைரியம் வந்துவிட்டது. பார்த்ததும் புரிந்த மாதிரி இருக்கும். எழுதிவிடுவேன்.

அந்தப் படிவத்தில், ‘உங்கள் குடும்பத்துக்கு கென்வோர்ட் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறதே என்று எங்கள் காரின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் நிலா பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா! வண்டி நம்பர் கென்சைஹென். இது கென்வோர்ட். பாஸ்வேர்டு அம்மா! கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க.”

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா செய்யும் தப்பைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இல்லாத வயது. இவ்வளவையும் தமிழில் சொன்னதே எனக்குச் சலுகை. கோபம் ஏற ஏற அவளுக்குத் தமிழ் வற்றி ஜெர்மன் பெருகும். அன்றும் அப்படித்தான் ஆனது. பாதி எனக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் அவளே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளியில் கொடுத்தது. இப்போது மெஷினுக்கு நம் குரலைக் கொஞ்சம் கொடுத்தால் போதும், நாம் சொல்லாததையெல்லாம் நம் குரலிலேயே சொல்லும். முகத்தையும் அப்படியே செய்யும். அதை வைத்துப் பெற்றோர் மாதிரி பிள்ளைகளிடமும், பிள்ளைகள் மாதிரி பெற்றோரிடமும் பேசி ஏமாற்றுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது.

என் கணவர் குமார் நடுக்கடல் வரை போகும் இழுவைக் கப்பலில் வேலை செய்கிறார். இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு. அன்று வீட்டிலிருந்தார். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே வார்த்தை தேடினோம். அவர் சொன்னதெல்லாம் சாமி பெயர்கள். யாரும் எளிதில் ஊகித்துவிடுவார்கள் என்று நிலா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் அவளே ஒன்று சொன்னாள்: ‘கண்ணாடி போட்ட நண்டு.’ நான் ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அவள் எனக்கு வைத்த பெயர் அது. சிரித்துவிட்டோம். அதையே வைத்துக்கொண்டோம்.

2

என் பெயர் கோமதி. பழவேற்காடு ஏரி கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில், லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவள். நைனா கடலுக்குப் போனார், அண்ணன் ஏழுமலை போகிறான். நான் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் மீன்வளம் படித்தேன். இன்று வடகடலோரத் துறைமுகம் ஒன்றில், கப்பலில் வந்து இறங்கும் மீன் சாப்பிடத் தகுந்ததுதானா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. குப்பத்தில் கேட்டால், “கோமதி ஜெர்மன்ல மீன மோந்து பாத்து சம்பளம் வாங்குது” என்பார்கள். தப்பு என்று சொல்ல முடியாது.

அந்த ஜூலையில் விடுமுறைக்கு நிலாவோடு ஊருக்கு வந்திருந்தேன். வந்த இரண்டாம் நாள் காலை, கஸ்தூரி அண்ணி அடுப்படியில் இறாலை உரித்துக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது. ஈரக் கையால் அதை மகளிடம் தள்ளினார்.

“பவி, இன்னானு பாரு.”

பவித்ராவுக்குப் பதினான்கு. ஒன்பதாவது படிக்கிறாள். போனைப் பார்த்தாள், எதையோ தட்டினாள், “கேஸ் புக் ஆயிட்சி” என்று திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தன் போனை நீட்டிக்கொண்டு வந்தார். அதையும் பார்த்துச் சொன்னாள். பேங்கு மெசேஜ், ரேஷன் மெசேஜ், கடலுக்குப் போகாதே என்று வரும் எச்சரிக்கை, மீன் வியாபாரி அனுப்பிய பணம் வந்ததா இல்லையா, எல்லாம் பிள்ளைகள் படித்துச் சொல்லித்தான் பெரியவர்களுக்குத் தெரிகிறது. போன் அம்மாவுடையது. அதில் ஓடுகிற விரல் பிள்ளையுடையது.

ஜெர்மனியில் பள்ளியே இதற்குத் தாள் அடித்துக் கொடுக்கிறது. அங்கே பிள்ளை ஏமாந்தால் பிள்ளையோடு போகும். இங்கே ஒரு பிள்ளை ஏமாந்தால் வீடே ஏமாந்துவிடுமே என்று எனக்கு உறைத்தது. “ஞாயித்துக்கிழம உன் சிநேகிதப் பிள்ளைகள எல்லாம் கூப்பிடு. ஒரு கிளாஸ் எடுக்கறேன்” என்று பவியிடம் சொன்னேன்.

“லீவுல வந்தும் கிளாஸா அத்த?” என்றாள். ஆனால் கூப்பிட்டாள்.

3

வலை பழுது பார்க்கிற கொட்டகையில் பதினைந்து பதினாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நிலாவின் பள்ளித் தாளை நானும் அவளுமாகத் தமிழில் எழுதி வைத்திருந்தோம். படத்தில் விரலை எண்ணிப் பார். உதடும் பேச்சும் ஒன்றாகப் போகிறதா பார். பேசுகிறவர் மூச்சு விடுகிறாரா கேள். மெஷின் செய்த சில படங்களைக் காட்டினேன். ஒன்றில் மீன் விற்கிற அம்மாவுக்கு ஒரு கையில் ஆறு விரல்.

ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். “டீச்சர், எங்க மாமாவுக்கும் ஆறு வெரலு. அவரு ஃபேக்கா?”

கொட்டகையே அதிர்ந்தது. மாமாவை எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது.

அடுத்து நான் வைத்திருந்ததுதான் என்னுடைய பெரிய ஆயுதம். முதல் நாள் அண்ணனிடம், “உன் கொரல கிளாஸுக்கு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டிருந்தேன். “இன்னாத்தயோ எடுத்துக்கோ” என்றான். எனக்கு அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பேச்சுகளை மெஷினுக்குக் கொடுத்து ஒரு பேச்சு செய்திருந்தேன். அதைப் போட்டேன்.

“பவி, நைனா பேசறேன். சீக்கிரம். அம்மா போனுக்கு ஒரு நம்பரு வந்துருக்கும் பாரு, அதச் சொல்லு. போட்டு இஞ்சின் நின்னு போச்சி, நேரம் இல்ல.”

பிள்ளைகளின் சிரிப்பு அப்படியே நின்றது. பவி எழுந்து வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே அவளுடைய நைனாவே நின்றுகொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவன். அவன் வாய் மூடியிருந்தது. அவன் குரல் மட்டும் என் கையில் பேசிக்கொண்டிருந்தது.

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். அலைக்குப் பயப்படாதவன். அன்று அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

“கோமு, நான் செத்தப்புறமும் இது பேசுமா?”

“பேச வைக்கலாம்ணா.”

“வேணாம். அழிச்சிடு.”

பிள்ளைகள் முன்னாலேயே அழித்தேன். அவன் குரலில் என்ன வரப்போகிறது என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பும் கேட்டேன். அவன் எழுந்து போனான்.

அப்போதுதான் பவி என் பாடத்தையே கவிழ்த்தாள்.

“அத்த, இந்த வெரல எண்றது, மூச்சு கேக்கறதெல்லாம் வேஸ்ட்டு.”

“ஏன்?”

“இப்ப போட்டியே, அதுல இன்னா தப்பு இருந்திச்சி? எனக்கே தெரியல. நைனா பொண்ணு நானு. இந்த வருசம் ஆறு வெரல் போடும். அடுத்த வருசம் சரியா அஞ்சு போடும். அப்ப இன்னா செய்றது?”

“நீயே சொல்லு.”

அவள் யோசித்தாள். “கொரலு யாருதுன்னு பாக்கக் கூடாது. அவன் இன்னா கேக்கறான்னு பாக்கணும்.”

அவ்வளவுதான். பதினோரு வருடம் வெளிநாட்டில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் கொண்டுவந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பிள்ளைகளே பேசினார்கள். சண்டை போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்றே வரி தேறியது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பவி அதை எழுதினாள்.

அவசரம்னு சொன்னா, நின்னு போ.
யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னா, ஒடனே ஒருத்தர்கிட்ட சொல்லு.
வெச்சிட்டு, நமக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நாமே போடு.

நிலா அதைப் போட்டோ எடுத்து, ஜெர்மனில் எழுதித் தன் ஆசிரியைக்கு அனுப்பினாள். ‘எங்கள் தாளைவிட இது நன்றாக இருக்கிறது’ என்று பதில் வந்தது. அதை பவிக்குப் படித்துக் காட்டியபோது, அவள் கேட்காத மாதிரி இறால் தோலை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அன்று மாலை எங்கள் வீட்டு வார்த்தையை அவளுக்கும் அண்ணிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த வார முடிவில் விமானம் ஏறினோம்.

4

டிசம்பரில் ஒரு காலை. நடந்ததை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேர்த்துச் சொல்கிறேன்.

அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பவிக்கு அன்று மதியம் அறிவியல். வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கடலில். பதினொன்றரை மணிக்கு அண்ணியின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் என் குரல். அழுகிறேன்.

“அண்ணி, நான் கோமதி பேசறேன். என்னை ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சிருக்காங்க. விசா கார்டுல ஏதோ தப்புன்னு சொல்றாங்க. நிலாவையும் தனியா கூட்டிட்டுப் போயிட்டாங்க. வக்கீல் ஒருத்தர் பேசுவார், அவர் சொல்ற மாதிரி செய்ங்க அண்ணி. அண்ணனுக்குச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாரு.”

பிறகு ஓர் ஆள் பேசினான். மரியாதையான தமிழ். உடனே பணம் அனுப்பினால் ஜாமீன், இல்லையென்றால் சிறை என்றான்.

அண்ணிக்குப் பணம் அனுப்பத் தெரியாது. வழக்கம் போலப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

“பவி! ஓடியா! உங்க அத்தயப் புடிச்சிட்டாங்களாம். இவரு சொல்ற நம்பரப் போடு!”

பவி போனை வாங்கினாள். அவள் என்னிடம் பிறகு சொன்னது: “நெஜமா அது உன் கொரலுதான் அத்த. நீதான்னு நெனச்சேன்.”

நினைத்துக்கொண்டே கேட்டாள். “அத்த, வார்த்த இன்னா?”

என் குரல் அழுதது. அந்த ஆள் குறுக்கே வந்து, “பாப்பா, இது விளையாடற நேரமில்ல. அம்மாகிட்ட குடு” என்றான்.

பவி போனை வைத்துவிட்டாள்.

அண்ணி அவளை அறைந்தார். அதுவரை அந்தப் பிள்ளையின் மேல் கை வைத்ததில்லை. “அழுதுகினு இருக்கற பொண்ணு மொகத்துல போன வெக்கிறியே, நீ மனுசியா?” என்று கத்தினார். பவி போனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். சத்தம் கேட்டுத் தெருவே வந்துவிட்டது.

பவி தனக்குத் தெரிந்த என் எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எங்கே எடுப்பேன்? இங்கே காலை ஏழு மணி. ஆறுக்கே வேலைக்குப் போய்விட்டேன். ஆய்வுக்கூடத்துக்குள் போன் கூடாது என்பது விதி. போன் என் அலமாரியில் பூட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. குமார் கப்பலில், எட்டாத தூரத்தில்.

“பாத்தியா? எடுக்கல. புடிச்சிட்டாங்கன்னு தானே அர்த்தம்?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது? நான் அங்கே இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் அந்த ஆளின் எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அண்ணி பிடுங்க வருகிறார். “எடுடி, எடுடி, உன் கால்ல உழறேன்” என்று அழுகிறார். கன்னத்தில் விரல் பதிந்திருக்க, சுற்றி இருபது பேர் திட்ட, அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை எடுக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கண் நிறைகிறது.

அவளுக்கு இன்னொரு எண் தெரியும். நிலாவுடையது.

நிலா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். இங்கே டிசம்பரில் அந்த நேரத்துக்கு இன்னும் வெளிச்சம் வராது. பவி ஸ்பீக்கரில் போட்டாள். சேதியைச் சொன்னதும், என் மகள் தெருவே கேட்கப் பதில் சொன்னாள்:

“இல்ல அத்த, அழாதீங்க. அம்மா போலீஸ்ல இல்ல. அம்மா மீன் பார்க்கப் போனான். காலைல எனக்கு ரொட்டி குடுத்தான். முத்தமும் குடுத்தான்.”

அத்தனை அழுகைக்கும் நடுவில் தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இது நம்ம நெலாவேதான். எந்த மிஷினுக்கு இப்படித் தப்பாப் பேச வரும்?” என்றார்.

பவி விடவில்லை. “அதயும் நம்பாதம்மா. தப்பாவும் பேச வெப்பாங்க. நெலா, வார்த்த இன்னா?”

“கண்ணாடி போட்ட நண்டு!” என்று நிலா இருட்டில் கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். என் மகளுக்கு அன்று வெட்கமே இல்லை.

பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, குளிர்சாதனப் பெட்டியில் நான் ஒட்டி வைத்திருந்த அலுவலக எண்ணுக்கு நிலாவே பேசினாள். சிறிது நேரத்தில் எங்கள் மேலாளர் ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தார். முகத்தில் குழப்பம்.

“கோமதி, உங்கள் மகள் பேசுகிறாள். நீங்கள் கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கிறாள்.”

கையுறையை எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. அலமாரியைத் திறந்து போனை எடுத்து, வெள்ளைத் தொப்பியோடும் கண்ணாடியோடும் வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் தெரு முழுக்க முகங்கள். நடுவில் பவி.

“அத்த, வார்த்த?”

என்னையும் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அதுவரை அழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மதியம் பரீட்சைக்குக் கிளம்பும்போது கன்னம் வீங்கியிருந்தது. யார் கேட்டாலும் பல்வலி என்று சொல்லிவிட்டாளாம். அண்ணி ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். அதற்கு முன் ஒரு நாளும் போனதில்லை. வறுத்த இறாலைச் சூடாக டப்பாவில் கொண்டுபோய், வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே கூட்டிவந்தார். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை நடுரோட்டில் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு வந்தது என்று அண்ணன் சொல்லிச் சிரித்தான். பிறகு, “எம் பொண்ணு கோமு” என்றான்.

5

அண்ணியின் போனில் பேச்சு தானாகப் பதிவாகும். புகார் கொடுக்க அது வேண்டியிருந்தது. பவி எனக்கும் அனுப்பினாள். வேண்டாம் என்று இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

நான்தான். நான் அப்படித்தான் அழுவேன். இங்கே மீன் சந்தை, குளிர், மளிகைக் கடை என்று ஊர்க்காரர்களுக்காகச் சின்னச் சின்ன வீடியோ போட்டுவந்தேன். அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ‘எங்க அண்ணி’ என்று நான் அடிக்கடி சொல்வதும் அதில் இருக்கிறது. நிலாவின் பெயரும் இருக்கிறது. வீட்டு விஷயத்தை நானே ஊருக்குப் பரப்பி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போயிருக்கிறேன். நிலா வருகிற வீடியோக்களை அன்றே எடுத்துவிட்டேன். மற்றதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

அந்த ஆள் பிடிபட்டானா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. புகார் எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பரீட்சை விடுமுறையில் பவியும் அவள் சிநேகிதிகளும் அந்தக் காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குப்பங்களுக்குப் போனார்கள். நான் சொல்லி இல்லை. மீன் ஏலம் முடிந்து பெண்கள் ஓய்ந்து உட்காரும் நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள். “பசங்களுக்குச் சொன்னா பத்தாது அத்த. அறையறது அம்மாங்கதானே? அவங்களுக்கும் சொல்லணும்” என்றாள் பவி. கூட்டத்தில் அண்ணி எழுந்து, “நான்தான் அறைஞ்சவ” என்று தன் கதையைத் தானே சொல்கிறாராம். எந்தப் பாடத்தையும்விட அதைத்தான் பெண்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்களாம்.

நிலாவிடமும் ஒன்று மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பவியோடு பேசும்போது இப்போது அறைக் கதவைச் சாத்துவதில்லை. ‘அம்மா குடுத்தான்’ தப்பு என்று பவி திருத்துகிறாள். பதிலுக்கு நிலா அவளுக்கு ஜெர்மனில் எண்ணச் சொல்லித் தருகிறாள். சில நாட்களாக என் வீட்டில், “இன்னாம்மா சாப்பாடு?” என்று ஒரு குரல் கேட்கிறது. இன்னா! நான் திருத்தவில்லை.

6

இந்த பிப்ரவரியில் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நேரம் வாங்கவே பல வாரம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த அலுவலக அம்மா நல்லவர்தான். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“உங்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் புலிகாட். பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பில் பழவேற்காடு. நீங்கள் இரண்டு ஊரில் பிறந்தீர்களா?”

ஒரே ஊர்தான், வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆயிற்று என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அசல் சான்றைப் பார்க்க வேண்டும். அசலில் இரண்டு பெயரும் இருப்பது எனக்கு நினைவிருந்தது. அது குப்பத்தில், அண்ணனின் பீரோவில். “படம் வந்தாலும் போதும். அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள்” என்றார்.

என் போனில் உயிரில்லை. குளிரில் இப்படித்தான் திடீரென்று அணைந்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்ணின் போனைக் கெஞ்சி வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த அண்ணியின் எண்ணைப் போட்டேன். பவிதான் எடுத்தாள்.

“பவி, அத்த பேசறேன். அவசரம்டா. என் போன் செத்துடுச்சி, இது வேற ஒருத்தர் போனு. விசா ஆபீஸ்ல இருக்கேன். பீரோவுல என் பொறப்பு சர்டிபிகேட் இருக்கு பாரு, அத ஒடனே போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு.”

சொல்லி முடித்தபோதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. தெரியாத எண், அவசரம், விசா, உடனே அனுப்பு. ஒன்றுகூட விடவில்லை.

அந்தப் பக்கம் நிதானமாகக் கேட்டது. “வார்த்த இன்னா?”

“கண்ணாடி போட்ட நண்டு.”

“அது தெருவுக்கே தெரிஞ்சி போச்சின்னு அன்னிக்கே மாத்திட்டோமே. புது வார்த்த?”

மாற்றினார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன், வரவில்லை.

“பவி, மறந்துட்டேன்டா. நான்தான்டா. கொரல் தெரியலையா?”

“கொரலெல்லாம் செல்லாது. எங்க அத்த நம்பருக்கு நானே போட்டுக்கறேன். வெக்கிறேன்.”

வைத்துவிட்டாள்.

அலுவலக அம்மா எதிரே கைகட்டிக் காத்திருந்தார். படம் வரவில்லை. நேரம் முடிந்தது. இன்னொரு நாள் வர வேண்டும். மறுபடியும் படிவம், மறுபடியும் பல வாரம். எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. போனைக் கொடுத்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“என்ன ஆயிற்று?” என்றார் அலுவலக அம்மா.

எனக்கு வருகிற ஜெர்மனில் சொன்னேன். “என் அண்ணன் மகள் என்னை நம்பவில்லை. போனை வைத்துவிட்டாள்.”

அவர் முகம் வாடிப்போயிற்று. “மிகவும் வருந்துகிறேன்” என்று குரலைத் தாழ்த்தினார். “குடும்பங்களில் இப்படி நடப்பதுண்டு.”

“இல்லை இல்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார். “பெருமையா? நீங்கள் சொல்ல நினைத்தது வேறு சொல்லோ?”

“இல்லை அம்மா,” என்றேன், தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே. “அந்தச் சொல்தான்.”